சலவைக் கணக்கு

மாதம் ஒருமுறை வரலாறு எழுத வேண்டும்.
மேலிடத்து உத்தரவு.
ஐந்து நகல், நடுவே நான்கு கார்பன் தாள்.
ஐந்தாவது நகலில் எழுத்தெல்லாம்
மூடுபனியில் நிற்கும் விமானம் மாதிரி
இருக்கிறது என்று நம்பினால்தான் உண்டு.

நான் விமானி இல்லை. குண்டுக்குக் குறிபார்ப்பவனும் இல்லை.
நெப்ராஸ்காவில் தானியக் கிடங்கொன்றில்
மூட்டைக் கணக்கு எழுதியவன்.
விரல் வேகமாக ஓடும் என்பதற்காக
ஒரு குண்டுவீச்சுப் படையணியின் வரலாறு
என் மடியில் வந்து விழுந்தது.

சஃபோக். நாற்பத்து நான்கு, பிப்ரவரி.
பீட்ரூட் வயலைச் சீவிப் போட்ட ஓடுபாதை.
தகரக் கொட்டகை.
முழங்காலைச் சுடும் அடுப்பு முதுகைத் தொடாது.

எழுதுவது சுலபம்.
வானிலை: சிதறிய மேகம்.
உயரம்: இருபத்து நாலாயிரம் அடி.
இலக்கு: ரயில் சந்திப்பு. விளைவு: நன்று.
புறப்பட்டவை பன்னிரண்டு. திரும்பியவை ஒன்பது.
செத்தார்கள் என்று எழுதக் கூடாது,
அது வேறோர் அலுவலகத்தின் வேலை.

செவ்வாய்தோறும் திருமதி தர்லோ வருவார்
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.
மிதித்தால் மடிப்புக் கலையுமாம்.
பையன்கள் கொடுத்தனுப்பும் சோப்பில்
பாதி சட்டைக்கு, பாதி அவர் வீட்டுக்கு.
யாரும் வாய்திறந்து பேசாத ஒப்பந்தம்.
எங்கள் பெயர்கள் அவர் வாயில் நுழையாது.
ஸிம்சாக் என்றால் சிரிப்பு வரும்.
கழுத்துப்பட்டையின் உள்ளே மை அழியாமல் இருக்கும்
ஓர் எழுத்து, நான்கு எண்.
அதுதான் அவருக்கு ஆள்.

அந்தச் செவ்வாய்
பதினோரு பொட்டலங்கள் மேசையில் மிஞ்சின.
'இதையெல்லாம் யாரிடம் கொடுக்கட்டும்?'
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஈரம் முழுசாகப் போகாத துணியிலிருந்து
ஆவி மெல்ல எழுந்தது,
உள்ளே யாரோ மூச்சுவிடுவது போல.
(இந்த வரியை அன்று நான் எழுதவில்லை.
எழுதியிருந்தால் கேப்டன் அடித்திருப்பார்.)

அவர் கூலி கேட்கவில்லை.
நானும் கொடுக்கவில்லை.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாலையில் புகைப்படம் வந்தது.
தண்டவாளங்கள் இருந்த இடத்தில் காலிஃபிளவர் போலப் புகை.
தெற்கே, சந்திப்பைத் தாண்டி,
ஒரு தெரு முழுக்க அதே காலிஃபிளவர்.
விளைவு நன்று என்று தட்டினேன்,
பெல் அடித்தது, உருளையை இழுத்து அடுத்த வரிக்குப் போனேன்.
இருபத்து நாலாயிரம் அடியிலிருந்து
துணி காயும் கொடி தெரியாது.
பூதக்கண்ணாடி வைத்து அன்றே தேடினேன் என்றால் பொய்.
இப்போது தேடுகிறேன், எண்பத்தோரு வயதில்,
கண்புரை அறுத்த கண்ணோடு.
அங்கேயும் செவ்வாய்தானே.

அந்த வரலாறு இன்று ஆவணக் காப்பகத்தில்
படச்சுருளாக இருக்கிறது.
பேரப்பிள்ளைகள் யார் யாரோ எழுதிக் கேட்கிறார்கள்:
'என் தாத்தாவைப் பற்றி ஏதாவது?'
பார்த்தேன். எண்ணிக்கையில் இருக்கிறார்.
பன்னிரண்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே.

நான் எழுதாமல் விட்டது ஒன்றுண்டு.

பத்துப் பொட்டலங்களைக் கிடங்கில் சேர்த்தேன்.
பதினொன்றாவதில் எச் 2086.
ஹால்வர்சன். வால்பக்கத் துப்பாக்கிக்காரன்,
என்னைப் போலவே குறுகிய தோள்.
என் சட்டையில் முழங்கை கிழிந்திருந்தது.
குளிர்.
போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

சண்டை முடியும்வரை
வாராவாரம் அதை வெளுக்கப் போட்டேன்.
திருமதி தர்லோ கழுத்துப்பட்டையைத் திருப்பி
எண்ணைப் படிப்பார்,
என் முகத்தைப் பார்ப்பார்,
சில்லறையை எண்ணி வாங்கிக்கொள்வார்.

ஒருமுறைகூட
ஆள் மாறிவிட்டது என்று சொல்லவில்லை.