சைட்டேஷன்

அந்தச் சொல்லை முதலில் கேட்டது
ரவுண்ட் ராக்கில், மருந்துக் கடை முக்கில்,
கொரோல்லாவின் கண்ணாடியை இறக்கிக்கொண்டு.
ஸ்டாப் பலகை முன்னால் நான் நிற்கவில்லையாம்.
நின்றேன்.
சக்கரம்தான் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.
தொப்பிக்காரர் குரலை உயர்த்தவே இல்லை.
மேடம் மேடம் என்று அடுக்கியபடி
மஞ்சள் தாளைக் கிழித்துக் கையில் வைத்தார்.
நூற்று எண்பத்தாறு டாலர்.
மங்கையர்க்கரசி என்று
ஓரெழுத்துப் பிசகாமல் அச்சாகியிருந்தது.
கட்டம் போதாமல் பெயரின் வால்
பிறந்த தேதியின்மேல் ஏறிக் கிடந்தது.

பஸ் ஓட்டும் வேலைக்கு மனுப் போட்டிருந்த வாரம் அது.
அடிவயிற்றைப் பிசைந்தது.
புதன்கிழமை நூலக வகுப்புக்கென்று வாங்கிய நோட்டில்
இரவு எழுதி வைத்தேன்:
சைட்டேஷன் — நிற்காததற்குத் தருவது.
மறுநாளே அடுத்த வரியில்
கூப்பன் வந்து உட்கார்ந்துகொண்டது.

வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் ஓடியது.

மே மாதம், விடியாத ஒரு காலை.
நாற்பத்தேழாம் எண் பஸ், பின்னால் இருபத்தாறு பிள்ளைகள்.
தரைப்பாலத்தை மூடிக்கொண்டு ஓடை
காப்பி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.
கணுக்கால் ஆழம்தான் இருக்கும், போ என்றது மனசு.
கால் கேட்கவில்லை. பிரேக்கிலேயே கிடந்தது.
பின்னாலிருந்த பிக்கப்
ஹாரனை அழுத்தி அழுத்தி அலுத்து
என்னைச் சுற்றிக்கொண்டு போனது;
போய்,
நாலு வேலிக்கம்பம் தள்ளி
பக்கவாட்டில் மிதந்து சாய்ந்தது.
ஓட்டியவன் கூரைமேல், ஒற்றைச் செருப்போடு.
ரேடியோவில் எனக்கு நாலு சொல்தான் வந்தது:
வாட்டர். நோ ரோட். ஸ்டாப்.

ஐம்பது நிமிஷம் தாமதம்.
கணக்குப் பரீட்சையைத் தவறவிட்ட மாத்தேயோ
ரெண்டு நாள் எனக்கு குட்மார்னிங் சொல்லவில்லை.
ஒரு தகப்பனார் போனில் எனக்குச் செய்த அர்ச்சனையில்
பாதிச் சொல் அகராதியிலேயே கிடையாது.

அப்புறம்தான் அந்தக் கடிதம்.
செவ்வாய் மாலை ஏழு மணி,
பள்ளி வாரியக் கூட்டத்தில்
எனக்கு சைட்டேஷன்.
அதற்கு மேல் நான் படிக்கவில்லை.
சபேசன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:
“எதிர்த்துப் பேசாதே.
மரியாதையாக் கட்டிட்டு வந்துடு.”

மரியாதையாகத்தான் போனேன்.
இஸ்திரி போட்ட சீருடை, கைப்பையில் செக் புத்தகம்.
ஒரு பெண் மைக்கில் எதையோ நீளமாக வாசித்தாள்.
மழை என்று கேட்டது, பிள்ளைகள் என்று கேட்டது.
எவ்வளவு என்று மட்டும் கேட்கவில்லை.
திடீரென்று எல்லோரும் எழுந்து நின்றார்கள்.
நானும் நின்றேன், யாருக்கென்று தெரியாமல்.
பக்கத்து ரூட் யோலாண்டா விலாவில் இடித்து,
“உனக்குத்தான்டி” என்றாள் ஸ்பானிஷில்;
அந்த “டி” நானாகக் கேட்டுக்கொண்டது.

இதில் திகைக்க என்ன இருக்கிறது?
சந்நிதியில் செய்வதும் அர்ச்சனை,
போனில் அந்த மனிதர் செய்ததும் அர்ச்சனை.
வைவதற்கும் வாழ்த்துவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
இத்தனை தலைமுறை பிழைத்த ஜனம்தானே நாம்.
ஆனாலும் மேடைக்கு நடந்தபோது
கை பையை விட்டு வெளியே வரமாட்டேன் என்றது,
செக் புத்தகத்தைப் பிடித்தபடி.

தங்கக் கரை போட்ட தாள், கண்ணாடிச் சட்டம்.
வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தால்
மங்கையர்க்கசி.
ஒரு “ர” காணோம்.
விருதைக் கொடுத்த கையோடு
அரசிப் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
தண்டம் போட்டவன்தான் ஒழுங்காக எழுதியிருந்தான்.
திருத்தி வேறு தருகிறோம் என்று பிறகு போன் வந்தது.
வேண்டாம் என்றேன். ஏன் என்றா?
தெரியவில்லை.

நோட்டைத் தேடி எடுத்தேன்.
அந்த வரிக்கும் கூப்பனுக்கும் நடுவே
மயிரிழைதான் இடம்.
பென்சிலைச் சீவு சீவென்று சீவி
பொடி எழுத்தில் நுழைத்தேன்:

நின்றதற்கும்.