காத்திருப்போர் பட்டியல்

எனக்குக் கொடுத்தது சிகிச்சை கிடைக்காத குழு.
காசு சுண்டுவதுபோல் கம்ப்யூட்டர் பிரித்ததில்
இந்தப் பக்கம் விழுந்த நாற்பத்தொரு பேர்.
பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் அவர்களுக்கு
நாற்காலியும், எதிரே ஒரு காதும்.
அதுவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை
நான் போன் செய்வேன். ஒன்பது கேள்வி.
'ம்' கூட ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று
மூன்று நாள் பயிற்சி.

வில்சன் கார்டனில் ஜன்னல் இல்லாத அறை.
ஓசூர் ரோட்டு ஹாரன்
சுவர் வழியாக உள்ளே வந்து உட்காரும்.

சேர்ந்த அன்றே ஒரு பழைய கட்டுரையைத் தந்தார்
டாக்டர் பெள்ளியப்பா.
சும்மா விட்டாலே மூன்றில் இரண்டு பேர் தேறிவிடுகிறார்கள்,
பிறகெதற்கு இந்தப் பேச்செல்லாம் என்று
எழுபது வருடத்துக்கு முன் யாரோ கேட்டிருந்தார்.
அவருக்குப் பதில் சொல்லத்தான்
அன்று முதல் இத்தனை சோதனை, இத்தனை அட்டவணை.
பேச்சு பலிக்குமா. பலித்தால் எந்தப் பேச்சு.
எல்லாப் பேச்சும் ஏறக்குறைய ஒன்றுபோல் பலித்துத் தொலைத்தபோது,
பேச்சுக்குள் எது.
'சும்மா விட்டால்' என்ற இடத்தில்
பென்சிலால் கோடு போட்டு வைத்தேன்.
யார், யாரை, எப்படிச் சும்மா விட்டார்கள்?

நாற்பத்தேழாம் எண். பெயர் எனக்குத் தெரியக் கூடாது.
பின்னாலிருந்து ஒருத்தி "எஸ்தரு, மணி அடிச்சுட்டான்" என்று கத்தியதால்
தெரியும்.
பீனியாவில் கார்மென்ட்ஸ். ஒன்று பத்துக்குத்தான் பேச முடியும்,
சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே.
முதல் போனில் பத்தொன்பது மதிப்பெண்.
ஐந்தாவதில் ஆறு.

"நீங்க கூப்புடுறதுக்கு முந்தின நாளே
நானே என்னைக் கேட்டுப் பாத்துக்குவேன் சார்.
தூக்கம் வந்துச்சா, பசிச்சுச்சா…
அந்தக் கடைசிக் கேள்விய மட்டும்
நீங்க கொஞ்சம் மெதுவாக் கேப்பீங்க.
அதுக்காவது இல்லைன்னு சொல்லணும்னு இருக்கும்."

ம், என்றேன்.
அது எந்த அளவில் இருந்ததோ.

டாக்டரிடம் சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம்.
"குறைபாடுகள் பகுதியில் ஒரு வரி சேர்த்துவிடு."
அந்த 'இல்லை'யை
பூஜ்யம் என்று போடலாமா என்று கேட்டேன்.
அவள் சொன்னதுதானே, போடு என்றார்.

நாளை ஆறாவது போன். கடைசி.
பிறகு அவளுக்கு நாற்காலி கிடைக்கும்,
நான் கூப்பிடக் கூடாது.

பாத்ரூம் கண்ணாடி முன் நின்று
ஒன்பதாம் கேள்வியைப் படித்துப் பார்க்கிறேன்,
மற்ற எட்டைப் போலவே.
அவற்றுக்கு நாலு நொடி.
இதற்கு எப்படிப் படித்தாலும்
ஏழு.