நூற்று அறுபத்தைந்து

வள்ளியூர் கூரியர் ஆபீசில்
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
எட்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது,
அதில் பாதி சீட்டுப் பணம்.
கண்டக்டர் அட்டைப்பெட்டியை ஏற இறங்கப் பார்த்து
"டிவியா?" என்றார்.
மானிட்டர் என்றேன்.
"ரெண்டும் ஒண்ணுதான்" என்று
லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
பணகுடி வரை மடியில் வந்தது,
'உடையும் பொருள்' என்று அச்சடித்த பக்கம்
என் வயிற்றில் அழுந்த.

ஸ்டாண்டு ஆடியது.
மேசையின் ஒரு கால் ஏற்கெனவே ஆடும்.
மடித்த கரண்ட் பில்லை
எதற்கு அடியில் சொருகுவது என்று
கடைசிவரை முடிவாகவில்லை.
கீழ் மூலையில் வெளிச்சம் கசிந்தது,
பக்கத்து அறையில் யாரோ
விழித்திருப்பதுபோல.
மேலே இடதுபுறம்
ஒரே ஒரு புள்ளி செத்திருந்தது.
முதல் நாள் அதைக் கடுகென்று நினைத்து
நகத்தால் சுரண்டினேன்.
கறுப்பு உருவம் சட்டென்று திரும்பினால்
பின்னால் ஒரு நிழல் இழுபட்டு வரும்.
விலைக்கு அது உண்டு.

ஆனால் ஓட்டம்!
ஏர்வாடி ரபீக்காவுக்குப் போன் போட்டேன்:
"நூத்தி அறுபத்தஞ்சுட்டி. வெண்ண."
கன்ட்ரோல் ரூமில் ராயப்பன் அண்ணனிடம்
ஷிப்டு முழுக்க அதையே சொன்னேன்.
அவரும் ஒன்று வாங்கலாமா என்று
மகனிடம் கேட்கும் அளவுக்குச் சொன்னேன்.
மூன்று வாரம்.

பிறகு ஒரு ஞாயிறு,
ஆட்டத்தில் நான் நாலாவது முறை செத்தபோது
காதுக்குள் ரபீக்கா கேட்டாள்:
"ஏட்டி, செட்டிங்ஸ்ல மாத்துனியா?"
எதை?
அவள் பேசவில்லை.
அவள் வீட்டு மிக்சி மட்டும்
ஹெட்செட்டில் ஓடி நின்றது.
"தொறந்து பாரு."
திறந்தேன்.
அறுபது.

பழைய செட்டாப் பாக்ஸ் வயரை மாட்டியிருந்தேன்.
கூட வந்த வயர் பெட்டிக்குள்ளேயே கிடந்தது,
கட்டின கம்பி முறுக்குக்கூடப் பிரியாமல்.

அப்படியென்றால் அந்த மூன்று வாரம்
நான் பார்த்த வெண்ணெய் எது?
பொய் சொல்லவில்லை, மாதாவறிய.
வழுக்கியது.
காசு கொடுத்த கண்ணுக்கு
தவணை தீரும்வரை எல்லாம் வழுக்கும்போல.

வயரை மாற்றினேன்.
திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பியது.
சுட்டியை இழுத்தேன்.
"என்னட்டி?" என்றாள் ரபீக்கா.
சொல்ல ஒன்றுமில்லை.
இருந்த வார்த்தையெல்லாம்
அறுபதுக்கே செலவழித்திருந்தேன்.

இதுவும் பிரமையோ என்று
அம்மாவைக் கூப்பிட்டு
அதையும் இதையும் மாற்றி மாற்றிக் காட்டினேன்.
ஈரக் கையை நைட்டியில் துடைத்தபடி
குனிந்து நன்றாகவே பார்த்தாள்.
"ரெண்டும் அம்புதானட்டி."

எனக்கு வேலை காற்றாலையில்.
நாற்பத்திரண்டு காற்றாடி, சுவரில் ஒரு திரை.
பத்து நொடிக்கு ஒருமுறை
எண்கள் மாறும்.
இடையில் இறக்கை என்ன செய்கிறதென்று
எங்களுக்குத் தெரியாது,
தெரிய வேண்டியதும் இல்லை.
நாலு வருஷம் அந்த இடைவெளியில்தான்
டீ குடித்தேன், டிபன் பெட்டி திறந்தேன்.
இப்போது உட்கார முடியவில்லை.
பதினேழாம் நம்பர் எண் மாறுவதற்குள்
வெளியே ஓடிப்போய்
நேரில் பார்த்துவிட்டு வருகிறேன்.
இறக்கைக்குப் பின்னால்
நிழல் ஏதும் இழுபடுகிறதா என்றும்.
"மேலுக்கு முடியலையா?" என்கிறார் ராயப்பன் அண்ணன்.
அவரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி
ஆனிக் காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
கடைசி வட்டம். எதிரே ஒருத்தன்தான் மிச்சம்.
ஜன்னலில் முட்டுக்கொடுத்தபடி
குறி பார்த்தேன்.
அவனும் பார்த்தான், நான் முந்திவிட்டேன்,
விரல் அழுந்தியது.

கரண்ட் போனது.
இத்தனை காற்றாடி சுற்றும் ஊரில்.

இருட்டில் திரையைத் தடவி
செத்த புள்ளியைத் தேடினேன்.
எதுவென்று தெரியவில்லை.

போன் மட்டும் மினுங்கியது. ரபீக்கா:
"செத்துட்டியா?"
"இல்லட்டி. கரண்டு."