ஓவர்டைம்

வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்கு
முகாம் வாசலில் வந்து நிற்கும் அந்த வேன்.
சொகாரில், எங்கள் பிளாக்கிலிருந்து
அதில் ஏறுகிறவன் நான் ஒருவன்தான்.
அதனால் என் பெயர் வேன்காரன்.
பாஸ்போர்ட்டில் ஞானசிகாமணி.

வந்த வாரமே போதகர் சொல்லிவிட்டார்:
இந்த மதிலுக்குள் பாடு, ஜெபி, அழு.
வெளியே துண்டுப்பிரதி வேண்டாம் தம்பி,
சட்டம் இருக்கிறது.
பிறகு எப்படி ஐயா சொல்வது என்றேன்.
ஸ்பீக்கர் வயரைச் சுருட்டிக்கொண்டே
“பார்ப்பாங்க” என்றார்.
அவ்வளவுதான். அடுத்த ஆராதனைக்கு
மலையாளக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

அதை நான் வசதியாகப் புரிந்துகொண்டேன்.
குல் ஜமான் காய்ச்சலில் கிடந்தபோது
அவன் துணியையும் சேர்த்து அலசினேன்.
நோன்பு மாதம் முழுக்க
கதவுக்குப் பின்னால் திரும்பி நின்று
தண்ணீர் குடித்தேன்.
செய்யும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்ப்பேன்
யாராவது பார்க்கிறார்களா என்று.

மேல்கட்டில் கொளஞ்சி மட்டும் பார்ப்பான்.
அரியலூர்ப் பக்கம். சாரம் கட்டுகிறவன்.
உயரத்திலேயே இருந்து பழகியதாலோ என்னவோ
அதிகம் பேசமாட்டான்.

ஜூலையில், கன்வேயர் பழுதான வாரம்,
இரவு எட்டு மணிக்கு இறங்கினோம்.
பத்து என்று எழுதினோம்.
ஆறு நாள். எல்லோரும்.
எழுதாதவன் மற்றவனைக் காட்டிக்கொடுத்தவன் ஆவான்,
அந்தக் கணக்கும் எனக்குத் தெரியும்.

அன்றிரவு ஏசி இரைச்சலுக்கு நடுவே
மேலேயிருந்து குரல் வந்தது.
கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.
“வேன்காரரே,
ஒங்க சாமி திரும்பி வருவாருன்னு
போன்ல வீட்டம்மாகிட்ட சொன்னீங்கல்ல.
வந்தா, அந்த ரெண்டு மணி நேரத்தப் பத்திக் கேப்பாரா,
இல்ல விட்டுருவாரா?”

எத்தனை வருடத்துப் பதில் என்னிடம் இருந்தது!
பாவம், சிலுவை, மீட்பு,
அதிகாரமும் வசனமும் எண்ணோடு
நாக்கு நுனியில் வைத்திருந்தேன்,
யாராவது கேட்கட்டும் என்று.
கேட்டது இதை.

தூங்குகிறவன்போல மூச்சு விட்டேன்.
நம்பியவன்போல அவன் புரண்டு படுத்தான்.

காலையில் பினோயின் கன்டெய்னர் அறைக்குப் போய்
என் பெயருக்கு நேரே இருந்த பத்துகளை
எட்டாக்கித் தரச் சொன்னேன்.
“பனியா சேட்டா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.
காய்ச்சல் இல்லை.

ஒருவனுக்கு எட்டு, மற்றவர்களுக்குப் பத்தா?
மேலே இருப்பவர்களுக்கு எண்ணத் தெரியும்.
மாதக் கடைசியில்
எல்லோர் தாளிலும் பன்னிரண்டு மணி நேரம் போனது.

லோக்பகதூர் என் தட்டைத் தள்ளிவைத்தான்.
குல் ஜமான் தன் துணியைத் தானே அலசினான்,
என் வாளியைத் தொடாமல்.
வேனில் அடுத்த வெள்ளி
சாட்சி சொல்ல யாருக்காவது வாஞ்சை உண்டா என்று கேட்டார்கள்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
கடல் இருந்தது. ஒரு கப்பல் நகராமல் நின்றது.

மூன்று வாரம் கழித்து
கொளஞ்சி கட்டிலிலிருந்து இறங்கி வந்தான்.
முகத்தைப் பார்க்கவில்லை.
பனியன் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து
என் தலையணைமேல் போட்டான்.
“நாப்பது ரியால். ஊருக்குப் போறவரைக்கும் வச்சிரு.
ஒம்மேல கோவம் போகல.
ஆனா இந்த ரூம்ல
எண்ணாம குடுக்க வேற ஆளு இல்ல.”

விளக்கு அணைந்தபின்
போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில்
நான் எண்ணினேன். மூன்று தடவை.
நாற்பத்தொன்று.

கைமறதியா, இல்லை
கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கிறானா?
மேல்கட்டிலின் இரும்பைத் தட்டினேன்.
“கொளஞ்சி, ஒரு ரியால் கூட இருக்கு.”

மேலே மூச்சுச் சத்தம்.
தூங்குகிறவன் மூச்சைப் போலத்தான் இருந்தது.