பதிலுரை, பத்தி ஒன்பது

அரவேணுவிலிருந்து குன்னூர் கோர்ட்டுக்குப்
பத்தரைக்குள் போய்ச் சேர
எட்டு மணி பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை.
எனக்கும் இல்லை,
நான் காலி செய்யச் சொல்லும் சவரிராஜுக்கும் இல்லை.

பதினோரு வாய்தா.
பதினோரு முறையும் நான் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்,
அவர் பின்படிக்கட்டு ஓரம் கம்பியைப் பிடித்தபடி.
நடுவில் கேரட் மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள்,
யாரோ மடியில் வைத்திருந்த ரோஜாக் கன்று.

வாடகை நின்றதற்கு அவர் முதலில் சொன்ன காரணம் மழை.
மழையில் யாரும் கேஸ் அடுப்பு ரிப்பேருக்குத் தருவதில்லையாம்.
அடுத்தது மகளின் நர்சிங் ஃபீஸ்.
பிறகு காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.
நல்லதென்றுதான் பட்டது எனக்கு.

கரண்டைப் பிடுங்கு என்றான் மச்சான் ஹாலன்.
தண்ணிக் குழாயைத் திருகி மூடு,
இந்த உறைபனியில் ரெண்டு நாள் தாங்குவானா பார்.
வக்கீல் நளாயினி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்:
"அப்படிச் செய்தால் குற்றவாளி நீங்கள்.
நோட்டீஸ் அனுப்புவோம். பதிவுத் தபாலில்."
ஒப்புகை அட்டை திரும்பி வந்தது.
வாடகை ஒப்பந்தத்தில் போட்ட அதே கையெழுத்து,
கொஞ்சம் சின்னதாகியிருந்தது.

ஏழாவது வாய்தாவன்று நான் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்ட
கண்டக்டர் கத்தினார், சில்லறை இல்லையென்றால் இறங்கு.
பின்னாலிருந்து கைமாறிக் கைமாறி வந்தன
இரண்டு பத்து ரூபாய், ஒரு இரண்டு ரூபாய்க் காசு.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
அன்று கோர்ட்டில் டவாலி எங்களை ஒரே மூச்சில் கூப்பிட்டார்,
பெள்ளிராஜ், சவரிராஜ்,
அண்ணன் தம்பியைக் கூப்பிடுவதுபோல.
நீதிபதி லீவு.

அவருடைய பதிலுரை நகலை
ஃபேக்டரியில் இலை வாடும் தட்டுகளுக்குப் பக்கத்தில்
ராத்திரி ஷிப்டில் படித்தேன்.
பத்தி மூன்று: பாக்கி அவ்வளவு இல்லை.
பத்தி ஐந்து: கூரை ஒழுகுகிறது. (நிஜம்.)
பத்தி ஒன்பது: புகைபோக்கியை இடித்துக் கட்டிய வகையில்
ஆறாயிரத்து இருநூறு ரூபாய் கழித்துக்கொள்ள வேண்டும்.
எழுத்துமூலம் அனுமதி வாங்கவில்லை என்று
ஒரே வரியில் மறுத்தோம்.
தீர்ப்பிலும் ஒரே வரி: ஏற்பதற்கில்லை.

அமீனா வந்தது ஐப்பசி மழையில்.
பூட்டு உடைக்க அழைத்து வந்த ஆளுக்கு வேலையில்லை,
கதவு திறந்துதான் இருந்தது.
கார்பன் வைத்துப் பட்டியல் எழுதினார்:
கட்டில் ஒன்று. பீரோ ஒன்று, கண்ணாடி விரிசல்.
பழைய பர்னர் முப்பத்தெட்டு. சாக்கு இரண்டு.
"நல்ல சாக்கா, கிழிசலா?"
எல்லாம் கிழிந்த சாக்குதான் சார் என்றார் சவரிராஜ்.
அன்றைக்கு அவர் சிரித்தது அதற்கு மட்டும்.

பிக்கப் வண்டி மேட்டுப்பாளையம் பக்கம் கிளம்பும்போது
அவர் மனைவி இறங்கி வந்து
வாசல் பல்பை அணைத்துவிட்டுப் போனார்.
இனிமேல் அது என் கரண்ட் பில்.

இருபத்திரண்டு ரூபாயை மடித்துச்
சட்டைப் பையில் வைத்திருந்தேன்.
எழுபத்தாறாயிரம் தரவேண்டிய ஆளிடம்
இதை எப்படி நீட்டுவது?
நீட்டவில்லை.

சாயங்காலம் ஈரம் போகட்டுமென்று கணப்பை மூட்டினேன்.
அப்பா கட்டியது. கட்டிய நாளிலிருந்தே
வீட்டுக்குள் புகையைத் துப்பும்;
கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் குளிர் காய்ந்தோம்.
சைப்ரஸ் சுள்ளி, மேலே ஒரு பழைய வாய்தாச் சீட்டு.
பற்றிக்கொண்டது.
அறையில் புகை என்று ஒரு நூல்கூட இல்லை.
சந்தேகப்பட்டு வெளியே வந்து பார்த்தேன்:
மழை விட்ட மேகத்துக்குள் நேராக
ஏறிக்கொண்டிருந்தது பத்தி ஒன்பது.

ஹாலன் போனில் கேட்டான், வீடு எப்படி இருக்கிறது?
கூரை ஒழுகுகிறது என்றேன்.