வாளிக் கணக்கு

கல்முனைச் சந்தைக்குப் பின்னால்
மாநகரசபைக் குளியலறை என் பொறுப்பு.
விடிய நாலரைக்கு மோட்டர் போடுவேன்.
குளிக்க நாற்பது ரூபா, துவைக்கிற கல்லுக்கு முப்பது.
ஆளுக்கு இரண்டு வாளிதான்
என்று பலகை சொல்லும். அதை எழுதினவர்
மீன் வெட்டினவரில்லை.

இஸ்ஸதீன் கொடுவா வெட்டுகிறவர்.
இரண்டு வாளி முழங்கையோடு முடிந்துவிடும்,
காதுக்குள் செதில் மினுங்கும்.
ஆஸ்பத்திரியில் மகனோடு ஒன்பது நாளாய் நிற்கிற
புவனலோஜினி, மாற்றுச் சீலை இல்லாமல்,
உடுத்தபடியே பாதி பாதியாய் அலசுகிறா.

வாளி எவ்வளவு பெரிசென்று
பலகையில் இல்லை.
போன கிழமை பெயின்ற் வாளி மூன்று வாங்கினேன்,
இருபது லீற்றர். மூடியில்லாததால் விலை குறைவு.

தண்ணி பில் ஏறிவிட்டதென்று
கணக்குப் பார்க்கிறவர் வந்தார்.
டிக்கட் அடிக்கட்டையை எண்ணினார்.
நின்று, வாளிகளையும் எண்ணினார்.
ஆளுக்கு இரண்டு. சரி.
மீற்றர்க் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்,
பிறகும் தட்டினார்.

போகிற நேரம் மெல்லமாய்க் கேட்டார்,
வாளி எந்தக் கடையில் என்று.
வீட்டில் ஐந்து பேராம்,
குழாயில் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாளாம்.
சொன்னேன்.
மூன்றாவது கல் ஆடுது,
அதையும் எழுதுங்கோ என்றேன்.
எழுதினாரோ தெரியாது.
உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்,
சவுக்காரம் கேட்டு.