ஐம்பது மைக்ரோகிராம் கதவு

உலர்பனிப் பெட்டியை மார்போடு அணைத்துத்
தவுனோ மாடியேறி வருகிறார்.
வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
ஔலு ஆறு கல்லாகி மூன்று மாதம்.
பனிக்குள் பனியைச் சுமந்து வந்தேன்,
இதற்குக் கூலி கேட்டால் சிரிப்பார்கள் என்கிறார்
கையெழுத்துக்குப் பேனாவை நீட்டியபடி.
மை உறைந்திருக்கிறது.
வாயருகே வைத்து ஊதிக் கொடுக்கிறார்.
என் பெயரில் பாதிதான் விழுகிறது.

பெட்டிக்குள் பெட்டி. அதற்குள் தெர்மக்கோல்.
அதற்குள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குப்பி.
குப்பிக்குள் ஒன்றுமில்லை
என்றுதான் யாரும் சொல்வார்கள்.
வெளிச்சத்தில் சாய்த்தால் அடியில்
மூச்சுப் பட்ட கண்ணாடி போல ஒரு மங்கல்.

"இதற்கா மூன்று விமானம்?"
"இதற்குத்தான்."
"என்ன இது?"

என்ன சொல்வது.
மனிதப் புரதம்.
ஆனால் எந்த மனிதருக்குள்ளும் இருந்ததில்லை.
எழுத்து நம்முடையது.
எழுதியவை, என்றோ செத்த ஒரு வெள்ளெலியின்
சினைப்பையிலிருந்து வந்த செல்கள்.
எஃகுத் தொட்டியில், இளஞ்சிவப்புக் குழம்பில்,
யாருக்கென்று தெரியாமல் செய்து தள்ளியவை.
செல்லுக்குள் ஒரு குப்பைக்கூடை உண்டு, லைசோசோம்.
கூடை என்பதும் சரியில்லை, வயிறு.
வந்ததைச் செரித்து
தேறியதை வெளியே தரும் வயிறு.
அதன் சுவரில் பதிந்திருக்க வேண்டியது இது.

"கதவு" என்றேன்.

குப்பியை இன்னொரு முறை பார்த்தார்.
"எதற்கான கதவு?"
"சியாலிக் அமிலம் வெளியேற.
அது சரியில்லையென்றால்..."
"தெரியும்" என்றார்.

"உள்ளேயே தேங்கும்.
குழந்தை உட்காரவே ஒன்றரை வருடம்.
என் மகள் எய்ரிக்காவுக்கு முப்பத்து நான்கு.
கெமியார்வியில் இருக்கிறாள்.
நாம் பேசுவதெல்லாம் புரியும்.
அவள் பேசுவது பத்துப் பதினைந்து சொல்.
அதில் மூன்று வசவு.
நான் கற்றுக்கொடுத்தது."

பதினோரு வருடமாக இந்த வாசலுக்குப்
பெட்டி கொண்டுவருகிற மனிதர்.
எங்களுக்குள் இருந்தது
எடை, நேரம், கையெழுத்து.

கண்ணாடி அணியாமல், கையை நீட்டி,
லேபிளை எழுத்துக் கூட்டுகிறார்:
ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும்.
மனிதர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது.
திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்க வேண்டாம்.

நடுவரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
"கடைசி வரியை ஆற்றிடம் சொல்லுங்கள்" என்று
படியிறங்கிப் போனார்.

அன்றிரவு கரைத்தேன்.
கதவு தனியே நிற்பதில்லை.
நிலை வேண்டும், சுவர் வேண்டும்.
கொழுப்பில் வாழப் பிறந்ததைத் தண்ணீரில் விட்டால்
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு
அடியில் போய் உட்கார்ந்துவிடும்.
அதனால் ஒரு துளி சோப்பு,
இதுதான் உன் சுவர் என்று ஏமாற்ற.
ஏமாந்தது.
ஜெல்லில் ஐம்பத்தைந்துக்குச் சற்று மேலே
திருத்தாத புருவம் போல ஒரு கருங்கோடு.

பிறகு கொழுப்புக் குமிழ்களில் பதித்து எண்ணினேன்.
பத்துக்கு ஆறு
திசை மாறிப் பதிந்திருந்தன.
தச்சன் குடித்துவிட்டு மாட்டிய கதவுகள்.
மீதி நான்கு
நிமிடத்துக்கு இத்தனை என்று
கசியவிட்டன.
வெற்றுக் குமிழோடு ஒப்பிட்டால்
கொஞ்சம் கூட.
மூன்று முறை செய்தேன், மூன்று முறையும்
கொஞ்சம் கூட.

வியாழக்கிழமை அடுத்த பெட்டி.
வேறு யாருடையதோ, ஏதோ ரசாயனம்.
அவர் கேட்கவில்லை.
நானே சொன்னேன்: "திறந்தது."
"யாருக்கு?"
"யாருக்கும் இல்லை. ஒரு குமிழுக்கு."

எய்ரிக்காவின் மூன்று சொல்லில் ஒன்றாக இருக்க வேண்டும்,
மெதுவாகச் சொன்னார்.
கோபமாக இல்லை.
பிறகு கையுறைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார்.
இம்முறை பென்சில்.